மூர்ச்சையும் கணித மாதிரியும்: வீட்டுச் சிகிச்சைக்கு ஒரு புதிய துணை

பள்ளியில் காலை வழிபாட்டுக்காக வெயிலில் வரிசையாக நிற்கும் மாணவர்களுள் ஒருவர் திடீரென முகம் வெளுத்து, உடல் வியர்த்து, அப்படியே சரிந்து விழுவதை ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பர். இரத்த தான முகாம்களிலும், நெடுநேரம் வரிசையில் நிற்கும் நியாய விலைக் கடைகளிலும், திருவிழாக் கூட்டங்களிலும் இத்தகைய நிகழ்ச்சி புதியதன்று. சூழ நிற்பவர்களுள் ஒருவர் நீர் தெளிப்பார். ஒருவர் விழுந்தவரைத் தூக்கி நாற்காலியில் அமர்த்த முயல்வார். மற்றொருவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். இரண்டொரு நிமிடங்களில் விழுந்தவர் கண் விழித்து எழுந்துவிடுவார். எழுந்ததற்குக் காரணம் சாவிதான் என்று அனைவரும் நம்பிக் கலைந்து செல்வர்.

இந்த எளிய நிகழ்ச்சியில் இரு வகையான பிழைகள் நேரக்கூடும். தீங்கற்ற மூர்ச்சையைக் காக்கைவலிப்பு என்றோ, பேய் பிடித்தது என்றோ முடிவு செய்து, ஒரு சிறுமியின் படிப்பையும் திருமணத்தையும் பாழாக்குவது ஒன்று. இருதயக் கோளாற்றின் முன்னறிவிப்பாக வந்த மூர்ச்சையை 'வெறும் மயக்கம்' என்று கருதி வீட்டுக்கு அனுப்பி, பின்னர் வருந்துவது மற்றொன்று. இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கும், வீட்டிலேயே சிகிச்சை பெறத்தக்கவர்களுக்கு அவரவர் உடலுக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பதற்கும் கணிப்பொறியில் இயங்கும் கணித மாதிரிகள் எவ்வாறு உதவக்கூடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூர்ச்சை என்பது யாது?

மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் முழுவதுமாகக் குன்றுவதால் சிறிது நேரம் நினைவு இழத்தலையே மூர்ச்சை என்கிறோம். அது விரைவில் தோன்றும். சிறிது நேரமே நீடிக்கும். தானாகவே முற்றிலும் நீங்கும். இம்மூன்று இலக்கணங்களும் பொருந்தினால் அன்றி அதனை மூர்ச்சை என்று கூறலாகாது. மூளை தனக்கென எரிபொருளைச் சேமித்து வைப்பதில்லை. எனவே இரத்த ஓட்டம் 6 முதல் 8 விநாடிகள் வரை நின்றாலே நினைவு தப்பிவிடும்.

மூர்ச்சையுற்றவரின் கைகால்கள் சில விநாடிகள் துடிப்பதும் உண்டு. ஜெர்மனியில் 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நலமுள்ள இளைஞர்களுக்குச் செயற்கையாக மூர்ச்சை உண்டாக்கிப் படம் பிடித்தபோது, முழுமையாக நினைவிழந்தவர்களுள் பெரும்பாலோரிடம் இத்துடிப்புக் காணப்பட்டது. ஆகவே துடிப்பு மட்டுமே வலிப்பு நோய்க்குச் சான்றாகாது. இங்கிலாந்தில் வலிப்பு நோயாளிகள் எனக் கருதப்பட்ட 74 பேரை இருதய நோக்கில் மீண்டும் சோதித்தபோது, 31 பேருக்கு வேறு காரணம் இருந்தது புலனாயிற்று. இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் பலர் தமக்குத் தேவையற்ற மருந்துகளை உட்கொண்டு வந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், சரியான நோய்த் தேர்வின் இன்றியமையாமை விளங்கும்.

மூர்ச்சையின் வகைகளுள் மிகவும் பரவலானது, இரத்தக் குழாய்கள் தளர்வதாலும் வேகஸ் நரம்பு இருதயத்தின் வேகத்தைக் குறைப்பதாலும் நேர்வதாகும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதை ஆராய்ந்து, 1932-இல் இதனை விரிவாக விளக்கியவர் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் ஆவார். நெடுநேரம் நிற்றல், வெப்பம், அச்சம், வலி, இரத்தத்தைக் காணுதல் ஆகியன இதனைத் தூண்டுகின்றன. மக்களுள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மூர்ச்சையுறுகின்றனர் என்று மேனாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

நிற்பதற்கு உரிய கணக்கு

நிற்பது எளிய செயல் என்று நாம் கருதுகிறோம். உடலுக்கு அது கடினமான பரீட்சை. படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் 500 முதல் 1,000 மில்லிலிட்டர் வரையிலான இரத்தம் புவியீர்ப்பினால் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியேற்றும் அளவும் குறைகிறது. அன்றியும், நிற்பவரின் மூளை இருதயத்துக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வளவு உயரமுள்ள இரத்தத் தம்பத்தின் எடைக்கு ஈடாக ஏறத்தாழ 23 பாதரச மில்லிமீட்டர் அழுத்தம் வழியிலேயே செலவாகிவிடுகிறது.

இதனை ஒரு சிறு கணக்கினால் காண்போம். இருதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால், அது ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தைச் செலுத்துகிறது. சராசரி அழுத்தம் 93 பாதரச மில்லிமீட்டர் என்று கொள்வோம். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இரத்தக் குழாய்களின் தடை. இங்கு அது 18.6. இனி, அவர் எழுந்து நிற்கிறார். ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு 45 மில்லிலிட்டராகக் குறைகிறது. வேறு மாறுதல் எதுவும் நிகழாவிடின், நிமிட ஓட்டம் 3.24 லிட்டராகவும் அழுத்தம் 60-ஆகவும் வீழ்ந்துவிடும்.

ஆனால் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அமைந்துள்ள அழுத்த உணர்விகள் இக்குறைவை உடனே மூளைத் தண்டுக்கு அறிவிக்கின்றன. மூளைத் தண்டின் கட்டளையால் இருதயம் நிமிடத்துக்கு 90 முறை துடிக்கிறது. குழாய்கள் சுருங்கித் தடை 23-ஆக உயர்கிறது. நிமிட ஓட்டம் 4.05 லிட்டர், அதனை 23-ஆல் பெருக்கினால் அழுத்தம் மீண்டும் 93. நாம் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்கும்போது இக்கணக்கை உடல் நம்மை அறியாமலே செய்து முடிக்கிறது.

மூர்ச்சையின்போது இது தலைகீழாகிறது. துடிப்பு 40-ஆகவும் தடை 15-ஆகவும் குறைவதாகக் கொண்டால், ஓட்டம் 1.8 லிட்டர், அழுத்தம் 27. இதில் 23 உயரத்துக்குக் கழிந்துவிட்டால், மூளைக்கு எஞ்சுவது 4 மட்டுமே. நினைவு தப்புகிறது, உடல் வீழ்கிறது. வீழ்ந்த மாத்திரத்தில் தலையும் இருதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன, கால்களில் தேங்கிய இரத்தம் மார்புக்குத் திரும்புகிறது, நினைவு மீளுகிறது. இயற்கை தந்த சிகிச்சை வீழ்ச்சியே என்பது இதனால் பெறப்படும். மூர்ச்சையுற்றவரைத் தூக்கி நிறுத்துவதும் நாற்காலியில் அமர்த்துவதும் அச்சிகிச்சையைக் கெடுப்பதாகும். படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவதே முறை. மேற்கண்ட எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆளுக்கு ஆள் அவை வேறுபடும். அந்த வேறுபாட்டிலேதான் கணித மாதிரியின் பயன் அடங்கியுள்ளது.

சமன்பாடுகளாக மாறிய இரத்த ஓட்டம்

உடலை இயந்திரம் போலக் கணக்கிடும் முயற்சி புதியதன்று. ஆங்கிலேயப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான ஸ்டீஃபன் ஹேல்ஸ் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி இரத்த அழுத்தத்தை அளந்து, தம் முடிவுகளை 1733-இல் வெளியிட்டார். தமனிகளின் நெகிழ்ச்சியை ஒரு காற்றறைக்கு ஒப்பிட்டு, அதற்குக் கணித வடிவம் கொடுத்தவர் ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ ஃபிராங்க், ஆண்டு 1899. மின்சாரச் சுற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். மின்னழுத்தத்தின் இடத்தில் இரத்த அழுத்தம். மின்னோட்டத்தின் இடத்தில் இரத்த ஓட்டம். மின்தடையின் இடத்தில் குழாய்த் தடை. மின்தேக்கியின் இடத்தில் குழாய்களின் நெகிழ்ச்சி.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் கைட்டன், தம் தோழர்கள் கோல்மன், கிரேஞ்சர் ஆகியோருடன் 1972-இல் வெளியிட்ட மாதிரி இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். இருதயம், சிறுநீரகம், நரம்பு மண்டலம், சுரப்பிகள் ஆகியவற்றின் செயல்களை 350-க்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பிரித்து, அவற்றிடையே உள்ள தொடர்புகளை ஒரே படத்தில் அவர்கள் வரைந்து காட்டினர். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால், அதன் விளைவு மற்றக் கட்டங்களில் எவ்வாறு பரவும் என்பதைக் கணிப்பொறி கணித்துத் தந்தது.

நிற்கும்போது நேரும் மாறுதல்களை மட்டுமே தனியே ஆராயும் மாதிரிகள் பின்னர்த் தோன்றின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தாமஸ் ஹெல்ட்டும் அவருடைய குழுவினரும் 2002-இல் அத்தகையதொரு மாதிரியை வெளியிட்டனர். விண்வெளியிலிருந்து திரும்பும் வீரர்கள் நிற்க இயலாமல் தளர்வதன் காரணத்தைக் கண்டறிவது இவ்வகை ஆராய்ச்சிக்கு ஒரு தூண்டுகோலாயிற்று. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெட்டே ஓலுஃப்சென் முதலானோர், உட்கார்ந்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அழுத்தத்திலும் மூளையின் இரத்த ஓட்டத்திலும் நேரும் மாறுதல்களை 2005-இல் கணித மாதிரியால் விளக்கினர்.

ஒருவருக்கே உரிய மாதிரி

சமன்பாடு அனைவருக்கும் ஒன்றே. அதில் இடும் எண்கள்தாம் ஆளுக்கு ஆள் மாறுபடுகின்றன. அவ்வெண்களைக் கண்டறிவதற்கு ஏற்ற பரிசோதனை சாய்வு மேஜைப் பரிசோதனையாகும். நோயாளியை மேஜையில் படுக்கவைத்துப் பட்டைகளால் இணைத்து, தலை மேலாக 60 அல்லது 70 பாகை சாய்த்து நிறுத்தி, நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் இடைவிடாது பதிவு செய்வர். காரணம் விளங்காத மூர்ச்சையை ஆராய இது பயன்படும் என்று லண்டன் மருத்துவர்கள் 1986-இல் எடுத்துக்காட்டினர்.

இப்பதிவு கணிப்பொறிக்குள் செலுத்தப்படுகிறது. மாதிரியின் அழுத்தக் கோடு நோயாளியின் அழுத்தக் கோட்டோடு பொருந்தும் வரை, இரத்தத்தின் மொத்த அளவு, கால் சிரைகளின் நெகிழ்ச்சி, அழுத்த உணர்விகளின் கூர்மை, நரம்புக் கட்டளை சென்று சேரும் தாமதம் ஆகிய எண்களைக் கணிப்பொறி சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே செல்கிறது. இரண்டு கோடுகளும் பொருந்தியபின் நமக்குக் கிடைப்பது, அந்த ஒரு நோயாளியின் இரத்த ஓட்டத்தைப் பிரதிபலிக்கும் உருவம் எனலாம்.

இதன் பயன் யாதெனில், வெளித்தோற்றத்தில் ஒரே விதமாக மூர்ச்சையுறும் மூவரிடத்தில் மூன்று வேறு காரணங்கள் இருப்பதை அது பிரித்துக் காட்டக்கூடும். காலை உணவின்றி, நீரும் அருந்தாமல் வரும் மாணவியிடம் குறைந்திருப்பது இரத்தத்தின் அளவு. நெடிது வளர்ந்த இளைஞரிடம் மிகுந்திருப்பது கால் சிரைகளின் தளர்ச்சி. முதியவரிடம் மங்கியிருப்பது அழுத்த உணர்விகளின் கூர்மை. அல்லது அவர் உட்கொள்ளும் மருந்தின் மிகுதி. மூவருக்கும் ஒரே அறிவுரையைக் கூறுவது பொருந்தாது. மாதிரியில் அரை லிட்டர் நீரைச் சேர்த்தும், கால் தசைகளை இறுக்கியும், மருந்தைக் குறைத்தும் பார்த்து, எந்த மாறுதலால் அழுத்தம் நிலைபெறுகிறது என்பதை நோயாளிக்குத் துன்பம் நேராமல் முன்கூட்டியே ஆராயலாம்.

மூர்ச்சை வருமுன் அறிவிக்கும் கணிப்பும் வளர்ந்து வருகிறது. 1,155 நோயாளிகளின் சாய்வு மேஜைப் பதிவுகளைக் கொண்டு 2007-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நாடித்துடிப்பும் அழுத்தமும் மாறிச் செல்லும் போக்கைக் கவனித்துப் பெரும்பாலோரிடம் மூர்ச்சையை முன்னரே கூற இயலும் என்று காட்டியது. அந்த முன்னறிவிப்புச் சிலருக்குச் சில விநாடிகளும், சிலருக்குப் பல நிமிடங்களும் முந்திக் கிடைத்தது. ஒருவர் சுவரோரம் உட்கார்ந்துகொள்வதற்குச் சில விநாடிகளே போதும். தலையில் அடிபடாமல் தப்பிவிடலாம்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

மாதிரி எதைப் பரிந்துரைத்தாலும், அது பயனுள்ளதென மனிதரிடம் சோதித்து நிறுவப்பட்டதாக இருத்தல் வேண்டும். அத்தகைய வீட்டுச் சிகிச்சைகள் சில உள்ளன.

முதலாவது, தசைகளை இறுக்கும் பயிற்சி. கண் இருளுதல், வியர்த்தல், குமட்டல் ஆகிய அறிகுறிகள் தோன்றியவுடன், கால்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துத் தொடைகளையும் வயிற்றையும் இறுக்குதல் வேண்டும். அல்லது இரு கைகளையும் கோத்து எதிரெதிராக இழுத்தல் வேண்டும். தேங்கிய இரத்தம் பிழியப்பட்டு இருதயத்துக்குத் திரும்புகிறது. 223 நோயாளிகளிடம் நடந்து 2006-இல் வெளியான பரிசோதனையில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் ஏறத்தாழ 51 சதவீதத்தினர் மீண்டும் மூர்ச்சையுற்றனர். இப்பயிற்சியும் பெற்றவர்களுள் அவ்வாறு நேர்ந்தது ஏறத்தாழ 32 சதவீதத்தினருக்கே. செலவு ஏதுமில்லாத இப்பயிற்சியை வகுப்பறையிலேயே கற்பிக்கலாம். ஆனால் அறிகுறி எதுவும் தோன்றாமல் திடீரென விழுபவர்களுக்கு இதனால் பயனில்லை.

இரண்டாவது, நீர். அரை லிட்டர் நீரைச் சில நிமிடங்களுக்குள் அருந்தினால், நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு இரத்தக் குழாய்கள் சற்று இறுகுகின்றன. இரத்த தானத்துக்குச் சற்று முன் அரை லிட்டர் நீர் அருந்துவோரிடம் மயக்கம் குறைகிறது என்பதும் ஆய்வுகளால் தெரிகிறது. காலை வழிபாட்டுக்கு முன் மாணவர்கள் நீர் அருந்தும் வழக்கத்தைப் பள்ளிகள் ஏற்படுத்துதல் நலம்.

மூன்றாவது, உப்பு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 1996-இல் வெளியிட்ட முடிவின்படி, உப்பைக் கூடுதலாக உட்கொள்வதால் இரத்த நீரின் அளவும் நிற்கும் ஆற்றலும் பெருகின. எனினும் முன்னரே உப்பை மிகுதியாக உண்டு வந்தவர்களுக்கு இப்பயன் கிட்டவில்லை. ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் நாள்தோறும் உண்ணும் குடும்பங்களில் இதனை நன்கு ஆராய்ந்தே கூறுதல் வேண்டும். வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது விதி. இரத்தக் கொதிப்பு, சிறுநீரக நோய், இருதயத் தளர்ச்சி ஆகியன உள்ளவர்களுக்கு மருத்துவரின் ஆணையின்றி உப்பை மிகுதிப்படுத்தலாகாது. யாருக்கு உப்பு உதவும், யாருக்குத் தீங்கு செய்யும் என்று பிரித்துக் காட்டுவதே மாதிரியிடமிருந்து நாம் எதிர்பார்க்கும் முக்கியமான உதவிகளுள் ஒன்றாகும்.

நான்காவது, நிற்கும் பயிற்சி. சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே வைத்து, துணைக்கு ஒருவர் அருகிலிருக்க, நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி நிற்பதாகும் இது. பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 1998-இல் இதனை அறிமுகப்படுத்தினர். பின்னர் நடந்த பரிசோதனைகளின் முடிவுகள் ஒன்றுபடவில்லை; அதற்கு ஒரு காரணம், நோயாளிகள் பலர் பயிற்சியைத் தொடர்ந்து செய்யாமல் விட்டுவிட்டதே. எவ்வளவு நேரம் நின்றால் போதும் என்று ஒருவரின் உடலுக்கேற்பக் கணித்துக் கூற இயலுமாயின், பயிற்சியைக் கைவிடுவோர் தொகை குறையக்கூடும்.

வீட்டில் வைத்திருக்கத் தகாதவர் யாவர்?

வீட்டுச் சிகிச்சையைப் பற்றிப் பேசுமுன், அதற்கு உரியவர் இவர்தாமா என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும். இதிலும் கணிப்புக்கு இடமுண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் பணியாற்றும் மருத்துவர் வெங்கடேஷ் திருஞானசம்பந்தமூர்த்தியும் அவருடைய குழுவினரும், அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 4,030 மூர்ச்சை நோயாளிகளை ஆராய்ந்து, ஒன்பது குறிப்புகளைக் கொண்ட மதிப்பெண் முறையொன்றை 2016-இல் வெளியிட்டனர். இருதய நோய் வரலாறு, இரத்த அழுத்தம், மின்வரைபட அளவுகள், இரத்தப் பரிசோதனை, மருத்துவரின் கணிப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டினால், அடுத்த 30 நாட்களில் பெருந்தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது தெரியும். 2020-இல் வேறு நோயாளிகளிடம் இதனை மீண்டும் சோதித்தபோது, குறைந்த ஆபத்துடையோர் என வகுக்கப்பட்டவர்களுள் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே பெருந்தீங்கு நேர்ந்தது.

மின்வரைபடமும் ஆய்வுக்கூடமும் இல்லாத கிராமத்தில் பின்வரும் குறிப்புகளே நமக்கு மதிப்பெண்களாகும். ஓடும்போதோ விளையாடும்போதோ உழைக்கும்போதோ மூர்ச்சையுறுதல், படுத்திருக்கும்போதே நினைவிழத்தல், அறிகுறி ஏதுமின்றித் திடீரென விழுதல், மூர்ச்சைக்கு முன் மார்பு வலியோ படபடப்போ தோன்றுதல், குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருத்தல், முன்பே இருதய நோய் இருத்தல், மலம் கருமையாகப் போதல், கருவுற்ற பெண்ணுக்கு, அல்லது மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு, வயிற்று வலியுடன் மயக்கம் வருதல். இவற்றுள் ஒன்று இருப்பினும் அவரை வீட்டில் வைத்திராமல் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். விழுந்தவர் இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால், அது மூர்ச்சையன்று, இருதயம் நின்றதாகும். உடனே 108-ஐ அழைத்து, உதவி வரும் வரை மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல் வேண்டும்.

மாதிரியின் எல்லைகள்

தேசப்படம் தேசமாகாது, மாதிரியும் மனிதனாகாது. இவ்வுண்மையை மறந்தால் கணிப்பொறி நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்யும்.

மேற்கூறிய மாதிரிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் திரட்டிய அளவுகளைக் கொண்டு அமைந்தவை. நம் நாட்டின் கோடை வெப்பத்தில் வயலில் நின்று உழைக்கும் பெண்ணின் உடல்நிலை அவற்றில் இடம்பெறவில்லை. இரத்தசோகை நம்மிடையே மிகவும் பரவியுள்ளது. அத்தகையவரிடம் இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்பதோடு, அது எவ்வளவு பிராணவாயுவைச் சுமக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஆகவே நம் நாட்டு நோயாளிகளிடம் சோதித்துத் திருத்தியபின்னரே இவற்றை நம்பிப் பயன்படுத்தலாம்.

அன்றியும், அழுத்தக் கோட்டைக் கொண்டு மட்டுமே எண்களைக் கண்டறியும்போது, இரு வேறு எண் தொகுதிகள் ஒரே கோட்டைத் தரக்கூடும். இரத்தம் குறைந்ததாலா, சிரை தளர்ந்ததாலா என்று கணிப்பொறி தடுமாறும் இடமும் உண்டு. அச்சம், நினைவு, பழக்கம் ஆகியன மூர்ச்சையைத் தூண்டும் விதத்தைச் சமன்பாட்டில் அடக்குவது இன்னும் கடினம். நோயாளிக்கேற்ப அமைக்கும் மாதிரிகள் இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களைச் சார்ந்தவையே. மருத்துவரின் தீர்மானத்துக்கு அவை துணையாகுமேயன்றி மாற்றாக மாட்டா.

களப் பணியாளரின் பங்கு

கணிப்பொறி எவ்வளவு ஆற்றலுடையதாயினும், அதற்கு ஊட்டப்படும் செய்தி சரியாக இருந்தால்தான் விடையும் சரியாக இருக்கும். அச்செய்தியைத் திரட்டுபவர் கிராமத்தில் நிற்பவரே. மூர்ச்சையைக் கண்ணால் கண்டவர் ஆசிரியர்; வீட்டுக்குச் சென்று விசாரிப்பவர் ஆஷா பணியாளர்; அழுத்தத்தை அளப்பவர் துணைச் சுகாதார நிலையச் செவிலியர். 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி தொலை மருத்துவ சேவையின் வழியாக மருத்துவரைக் கலந்தாலோசிக்கும்போதும், அவர் முதலில் கேட்பது இக்குறிப்புகளையே.

எனவே பின்வருவனவற்றை எழுதி வைத்தல் வேண்டும். விழுந்தபோது நின்றிருந்தாரா, நடந்தாரா, ஓடினாரா? அதற்கு முன் என்ன உணர்ந்தார்? முகம் வெளுத்ததா, நீலம் பாய்ந்ததா? நினைவு திரும்ப எவ்வளவு நேரமாயிற்று? நாக்கின் ஓரம் கடிபட்டதா? எழுந்தபின் நெடுநேரம் குழம்பியிருந்தாரா? என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார்? பின்னர், ஐந்து நிமிடம் படுக்கவைத்து அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்து, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடங்களிலும் மீண்டும் அளத்தல் வேண்டும். நிற்கும்போது மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 பாதரச மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால், அது குறிப்பிடத்தக்க வீழ்ச்சியாகும். இவ்வளவும் ஒரு தாளில் அடங்கும். சாய்வு மேஜை இல்லாத இடத்தில் இத்தாளே அதன் வேலையில் ஒரு பகுதியைச் செய்யும். முதல் மூர்ச்சைக்குப் பின் ஒருமுறையேனும் இருதய மின்வரைபடம் எடுக்கச் செய்தல் அவசியம்.

உடலியல் ஆராய்ச்சியின் ஒரு முடிவு வீட்டுச் சிகிச்சையாக மாறியதற்கு நம் நாட்டிலேயே சிறந்ததோர் உதாரணம் உண்டு. குடலில் சர்க்கரையுடன் சேரும்போது உப்பு எளிதில் உறிஞ்சப்படும் என்பது ஆய்வுக்கூடத்தில் அறிந்த உண்மை. 1971-இல் மேற்கு வங்கத்தின் வனகாவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் அவ்வுண்மையை நம்பி, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த மரணம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. மருத்துவரின் அறிவு தாயின் கைக்கு வந்து சேர்ந்தபோதுதான் அந்த வெற்றி கிட்டியது.

மூர்ச்சையைப் பற்றிய கணித மாதிரிகளும் அத்தகைய கைகளுக்கு வந்து சேர்தல் வேண்டும். அந்நாள் வரும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கவை சில உள்ளன: விழுந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துதல், சாவியையும் பேயையும் விலக்குதல், கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தல், ஆபத்துக் குறிகள் உள்ளவரைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல். வரிசையில் சரிந்து விழும் அடுத்த மாணவியின் எதிர்காலம், அருகில் நிற்கும் ஆசிரியர் இவற்றை அறிந்திருப்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.